பெயர் வெட்டாத மூக்குப்பேணி

மெல்பேண் மல்கிரேவ் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கும் அட்டையை எழுதியவள் நான். என் கையெழுத்தை அறிந்தவர்கள் நீங்கள், மறுத்துப் பயனில்லை. ‘அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு ஆதரவாக, யாழ்ப்பாணக் கிராமமொன்றில் தலைமையாசிரியர் ஒருவர் தம் இல்லத்தில் நடத்திய சமபந்தி போசனத்தில் பயன்பட்ட மூக்குப்பேணி’ என்று தொடங்கி, என் தந்தையாரின் முழுப் பெயரோடு முடியும் ஐந்து வரிகள். அவற்றில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. முப்பத்தோராண்டு ஆசிரியப் பணியில் இருந்தவள் நான், பிழையாக எழுதமாட்டேன்.

ஆயினும், நம்மில் எவரேனும் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலையசைக்கும்போது, குளிர்ச்சட்டையின் பொத்தானைப் பூட்டுகிறவள்போலக் குனிந்துகொள்கிறேன். நம் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு என் இளமைக்கால நினைவொன்றை எழுதித் தரும்படி கேட்டீர்கள். அட்டையில் இடம் காணாதவற்றை இங்கே எழுதுகிறேன். என் தந்தையாரின் பெயரை இதுவரை காத்து வந்தவள் நானே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுதி முடிக்கும்போது அது எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனி மாதத்துப் புதன்கிழமைக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வெப்பமூட்டி ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்க, நாம் போர்வைகளோடு அமர்ந்து அமெரிக்க ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தோம். உணவுக்கடையின் உயர்ந்த இருக்கைகளில் கறுப்பின மாணவர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற வெள்ளை இளைஞர் அவர்கள் தலையில் சீனியைக் கொட்டினார்கள். மாணவர் திரும்பிப் பார்க்கவில்லை. நம்மில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். விளக்கைப் போட்டதும், மதுரைப் பக்கத்துப் பொறியியலாளர் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

“எங்க ஊர் டீக்கடையிலயும் ரெண்டு டம்ளர்தாங்க. அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

நம் செயலாளர் சிரித்தார். “அது இந்தியாவிலை இருக்கும். எங்கடை பக்கம் அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லை.”

“அப்படியா? ஒண்ணுமே இல்லையா?”

“ரீச்சரைக் கேளுங்கோவன். ரீச்சரின்ரை அப்பா அந்தக் காலத்திலையே சமபந்தி வைச்சவர். எழும்பிச் சொல்லுங்கோ, ரீச்சர்.”

எழுந்து சொன்னேன். எத்தனையோ மேடைகளில் சொன்ன கதை. கைதட்டல் எந்த இடத்தில் எழும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கேயே எழுந்தது. பொறியியலாளரும் தட்டினார்.

இனி, அந்தக் கதையில் நான் எந்நாளும் விட்டுவிடும் பகுதிகள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. என் தந்தையார் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். கல்லூரியில் ஆங்கிலம் கற்றவர். கொழும்பிலிருந்து தபாலில் வரும் அமெரிக்கச் சஞ்சிகையொன்றை முதற்பக்கம் தொடங்கி அச்சகத்தின் முகவரி வரை படிப்பவர். அதன் வழவழப்பான தாளில் மண்ணெண்ணெயும் புது மையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அவர் படித்து முடித்தபின் அதைக் கொண்டு என் புத்தகங்களுக்கு உறை போடுவேன். ஒரு படத்தை மட்டும் வெட்ட விடவில்லை. நாம் ஆனி மாதம் பார்த்தோமே, அதே போன்ற உணவுக்கடை. அதே போன்ற மாணவர். அதைத் தம் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். காலைக் கூட்டத்தில் அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்கிச் சொல்வார். ‘ஒரு கடையிலே அமர்ந்து ஒரு கோப்பை கோப்பி குடிக்கும் உரிமைக்காக, பிள்ளைகளே!’ என்று சொல்லும்போது சால்வை நுனியால் கண்ணைத் துடைப்பார். நடிப்பன்று. என் தந்தையார் மெய்யாகவே அழுதவர்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து ஐம்பது அடி தள்ளித் தேத்தண்ணிக் கடை. அதன் வேலியில், கதியால் மரத்தின் கவட்டில், சோடாப் போத்தல்கள் நான்கு கவிழ்த்துக் கிடக்கும். கடைக்குள் வரக் கூடாதவர்கள் அந்தப் போத்தலை எடுத்து நீட்ட, கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றுவார். குடித்துக் கழுவி, மறுபடியும் கவட்டில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் போத்தல்களில் வெயில் பட்டால் பச்சை ஒளி எங்கள் வகுப்பறைச் சுவர் வரை வரும். அதை நாங்கள் கையால் பிடித்து விளையாடுவோம். அது என்னவென்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் புதிய ஆசிரியர் வந்தார். போத்தலில் குடிக்கும் பகுதியிலிருந்து படித்து, பயிற்சி முடித்து, அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் மனிதர். இருபத்திரண்டு வயதிருக்கும். கஞ்சி போட்ட வேட்டி. சட்டைப் பையில் நீலப் பேனா. எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு சிறு சிரிப்பு. எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்தார். கரும்பலகையில் மிசிசிப்பி நதியை ஒரே இழுப்பில் நீலச் சுண்ணக்கட்டியால் வரைவார். கை எங்கும் நிற்காது.

அவர் பள்ளிக்கூடத்தில் நிலைப்பாரா மாட்டாரா என்பதே அந்தத் தவணை முழுவதும் ஊரின் கேள்வியாக இருந்தது. சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தப் போவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர் பகுதியிலிருந்து நான்கு பிள்ளைகள் எங்கள் வகுப்பில் படித்தார்கள். பின்சுவரோரம் நிலத்தில் இருப்பார்கள். புதிய ஆசிரியர் வந்த இரண்டாம் நாளே அவர்களை எழுப்பி வாங்குகளில் இருத்தினார். பெற்றோர் முறையிட்டபோது என் தந்தையார், “அமெரிக்காவிலை சின்னப் பிள்ளையள் பொலிசுக்கு முன்னாலை நடக்குதுகள். நீங்கள் ஒரு வாங்குக்கு வழக்கோ?” என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். இதை மேடைகளில் சொல்வேன். இது உண்மை.

என் பக்கத்தில் வந்து இருந்தவள் என் வயதுப் பெண். அவள் சிலேற்றின் ஒரு மூலை உடைந்திருக்கும். முதல் இரண்டு கிழமையும் வாங்கின் விளிம்பில், எப்போதும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவள்போல இருந்தாள். மூன்றாம் கிழமை முழுமையாக அமர்ந்தாள். எனக்குப் புளியங்கொட்டை தந்தாள், வறுத்தது.

ஆனால் ஆசிரியர் அறையில் கதிரை ஐந்து, ஆசிரியர் ஆறு. புதியவர் மாணவரின் குட்டை வாங்கில் முழங்கால் உயர இருந்து கொப்பி திருத்துவார். அவருக்குக் கதிரை செய்யத் தச்சனிடம் சொல்லியிருப்பதாகத் தந்தையார் சொன்னார். மாசியில், “தச்சனுக்குக் கை வருத்தம்” என்றார். பங்குனியில், “பலகை இன்னும் காயேல்லையாம், தம்பி” என்றார். புதியவர், “அவசரமில்லை ஐயா, எனக்கு வாங்கு பழகீட்டுது” என்று சிரித்தார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் என் தந்தையார் அமெரிக்காவைப் பற்றி உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப் போய் வாசலில் நின்றேன். புதியவர் வாங்கிலிருந்து தலையை நிமிர்த்தி, மிகப் பணிவாகக் கேட்டார்:

“ஐயா, அமெரிக்கா இஞ்சையிருந்து எவ்வளவு தூரம் வரும்?”

“ஒரு ஒன்பதாயிரம் மைல் வரும், தம்பி. ஏன்?”

“தேத்தண்ணிக் கடை எவ்வளவு தூரம் வரும், ஐயா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் தந்தையாரும் சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்ததை நான் கண்டேன். “படிப்படியாத்தான் எல்லாம், தம்பி” என்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, மேல்சட்டையைக் கழற்றாமலே அம்மாவிடம் சொன்னார்: “எங்கடை வீட்டிலை சமபந்தி வைக்கப் போறன். எல்லாரும் ஒரே வரிசையிலை. அந்தத் தம்பி எனக்குப் பக்கத்திலை.”

அம்மா சட்டியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. “வரிசை உங்கடை விருப்பம். குசினி என்ரை விருப்பம்” என்றார்.

மூக்குப்பேணியை நம்மில் தமிழ்நாட்டவர் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். கைக்கடக்கமான பித்தளைப் பேணி. பக்கத்தில் கிளியின் மூக்குப்போல ஒரு குழல். வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கலாம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் என் தந்தையாரின் முதலெழுத்துகள் இரண்டு, சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வெறுவிரலால் தடவினால் மணலைத் தடவுவதுபோலிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இராது. கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் பெயரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும்.

சமபந்திக்கு முந்திய கிழமை என் தந்தையார் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பட்டணத்துப் பாத்திரக் கடைக்குப் போனார். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய பித்தளையின் மணம் தெருவிலேயே வரும். ஆறு மூக்குப்பேணிகள் எடுத்தார். எங்கள் வீட்டுப் பேணிகளின் அதே அளவு, அதே வார்ப்பு. கடைக்காரர் வழமைபோல உளியைக் கையில் எடுத்தார்.

“பேர் வெட்டவோ, ஐயா?”

“வேண்டாம்” என்றார் என் தந்தையார். “வெட்டினால் பிறகு பிரிச்செடுக்கிறது கரைச்சல்.”

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு ஆறையும் பத்திரிகைத்தாளில் சுற்றினார். அவருக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை.

என் குடும்பத்தில் இந்தக் கதை பின்னர் சொல்லப்பட்டபோதெல்லாம் பேணி விடயம் அம்மாவின் வேலையாகவே சொல்லப்பட்டது. ‘அந்தக் காலத்துப் பொம்பிளை, அவவுக்கு என்ன விளங்கும்’ என்று என் அண்ணன் சொல்வார், நான் மறுத்ததில்லை. அம்மா இறந்து இருபது ஆண்டுகள். அந்த உளியை நான் மறந்திருந்தேன் என்று எழுதினால் அழகாயிருக்கும். நான் மறக்கவில்லை.

பந்தி நாளன்று முற்றத்தில் கிடுகுப் பந்தல். பதினெட்டு இலை, ஒரே வரிசை. ஆசிரியர் ஐவர், ஊர்ப் பெரியவர்களில் துணிந்து வந்த ஆறு பேர், தந்தையார். அவர் பக்கத்தில் புதிய ஆசிரியர், அவர் தாய், நான்கு பிள்ளைகளின் தகப்பன்மார். அவர்கள் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்பதற்காகத் தந்தையாரே ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், மற்றவர்களுக்கிடையே அமர்த்தினார். அந்தத் தாய் இலைக்கு முன்னால் சப்பாணி கட்டத் தெரியாதவர்போலக் குந்தியே இருந்தார். மகன் எழுந்து வந்து குனிந்து ஏதோ சொன்னபின்தான் கால்களை மடக்கினார்.

வரிசை கலந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பேணிகள் தேவைப்பட்டன.

குசினி வாசலில் அம்மா என் கையில் தட்டத்தைத் தந்தார். “பேர் உள்ளது எங்கடை ஆக்களுக்கு. பேர் இல்லாதது அவைக்கு. மாறிப் போடாதை, பிள்ளை.”

நான் வகுப்பில் முதலாம் பிள்ளை. மாறவில்லை. பன்னிரண்டிலும் ஆறிலும் ஒன்றுகூட மாறவில்லை. பேணியின் வயிற்றை விரலால் தடவித் தடவி வைத்தேன். வரிசை எவ்வளவு கலந்திருந்தும் தவறாமல் செய்கிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது.

புதிய ஆசிரியர் பேணியைக் கையில் எடுத்தார். குடிக்குமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம் இருந்த என் தந்தையாரின் பேணியைப் பார்த்தார். வலப்பக்கத்தவரின் பேணியைப் பார்த்தார். வரிசையில் தூரத்தே தம் தாயின் கையிலிருந்ததைப் பார்த்தார். ஒரு நதியை ஒரே இழுப்பில் வரையத் தெரிந்த கண்கள். வரிசை முழுவதையும் படித்துவிட்டன. என் தந்தையார் அப்போது மறுபக்கம் திரும்பி, அமெரிக்க உணவுக்கடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி,” என்றார் ஆசிரியர், மெதுவாக. “எனக்கும் அந்தப் பேர் வெட்டினதிலை ஒண்டு தாறியளோ?”

நான் வகுப்பில் விடை சொல்லும் குரலில் சொன்னேன்: “அது எங்கடை ஆக்களுக்கு, மாஸ்டர்.”

அவர் சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் முடிவில் வரும் அந்தச் சிறு சிரிப்பு அன்று வரவில்லை. பேணியை இலையின் வலப்பக்கத்தில், வைத்த இடத்திலேயே, சத்தமில்லாமல் வைத்தார். பிறகு சாப்பிட்டார். பங்குனி வெயில், அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பு உறைப்பு. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பாயசம் வரை எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

பந்தி முடிந்ததும் என் தந்தையார் எழுந்து, இந்த நாளின் நினைவாக அந்த ஆறு பேருக்கும் அவரவர் பேணியை அன்பளிப்பாகக் கொடுப்பதாக அறிவித்தார். பெரியவர்கள் கைதட்டினார்கள். மேடைகளில் என் கதைக்குக் கைதட்டல் எழுவது இந்த இடத்தில்தான். ஆறு பேணிகளும் எங்கள் படலையைத் தாண்டிப் போயின. குசினிக்குள் ஒன்றும் திரும்பி வரவில்லை.

தவணை முடிவில் புதிய ஆசிரியர் வன்னியில் எங்கோ ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு, விடைபெற வந்தார். கதிரை அப்போதும் வந்திருக்கவில்லை.

“ஏன் தம்பி? நாங்கள் உமக்கு என்ன குறை விட்டம்?” என்றார் தந்தையார். அந்தக் குரலில் மெய்யான வருத்தம் இருந்தது.

“ஒரு குறையும் இல்லை, ஐயா.” அவர் தந்தையாரைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். “எல்லாம் கணக்காத்தான் செய்தியள். போட்டு வாறன்.”

அவர் படலையைச் சாத்திப் போனபின் தந்தையார் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். பிறகு அம்மாவிடம், “எவ்வளவு செய்தம். நன்றி எண்டது பரம்பரையிலை வரவேணும்” என்றார். அந்த வசனத்தை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அடுத்த தவணையில் வாங்கு பற்றாக்குறை என்று சொல்லப்பட்டது. நான்கு பிள்ளைகளும் பின்சுவருக்குத் திரும்பினார்கள். என் பக்கத்திலிருந்தவள் மூன்று நாள் நிலத்தில் இருந்தாள். நான்காம் நாள் வரவில்லை. அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சில ஆண்டுகளின் பின், கோயிலுக்குள் தாங்களும் வரவேண்டுமென்று அந்தப் பகுதியார் வாசலில் வந்து நின்றபோது, என் தந்தையார் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்பீர்கள். அவர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. வீட்டிலிருந்து வானொலியில் அமெரிக்கச் செய்தி கேட்டார்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். போர் வந்தது, உரிமை இழந்தவர்கள் நாமானோம். மெல்பேண் நகர நடுவே, ‘எமக்குச் சம உரிமை வேண்டும்’ என்ற பதாகையை மழையில் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன். அந்தப் பதாகையின் மறுகம்பைப் பிடித்து வந்த அம்மையார், நாடாளுமன்றப் படிகளை அடையுமுன்னே என்னிடம் கேட்டார்: “ஊரிலை எவடம்? அதிலை எந்தப் பக்கம்?” நான் மனநிறைவோடு பதில் சொன்னேன். நல்ல பதில் என்னிடம் இருந்தது.

ஆனிக் கூட்டத்தில் நான் பேசியதை நம்மில் ஒருவர் கைபேசியில் பதிந்து அனுப்ப, அது வட்ஸ்அப் வழியே நகரின் வடகோடியிலுள்ள கிரெய்கிபர்ன் வரை போயிருக்கிறது. இரண்டு கிழமையில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். தாதியாகப் பணிபுரிபவள், ஐம்பது வயதளவு. அந்த ஆசிரியரின் மகள். அவர் கடைசி ஒன்பது ஆண்டுகள் மகளோடு கிரெய்கிபர்னில் வாழ்ந்து, அதற்கு முந்திய குளிர்காலத்தில் இறந்திருக்கிறார். ஒரே நகரத்தில் ஒன்பது ஆண்டுகள்! நம் பொங்கல் விழா ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கைத்துவாயில் சுற்றிய பேணியோடு வந்தாள். தேநீர் கொடுத்தேன். நல்ல கோப்பையில்தான் கொடுத்தேன்; நல்ல கோப்பையில் கொடுக்கிறேன் என்று கவனித்துக்கொண்டே கொடுத்தேன்.

“அப்பா இதிலை ஒருநாளும் தண்ணி குடிக்கேல்லை, அன்ரி. எங்களையும் குடிக்க விடேல்லை. அலுமாரிக்கு மேலைதான் கிடக்கும். இடம்பெயரேக்கை என்ரை சேட்டிபிக்கற்றையே விட்டிட்டு வந்த மனிசன், இதைக் கொண்டு வந்தவர். ஏனப்பா எண்டு கேட்டால் சிரிப்பார். உங்கடை பேச்சைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. அவ்வளவு மரியாதை என்ன, உங்கடை அப்பாவிலை?”

பேணியைக் கையில் வாங்கினேன். என் விரல் தானாகவே அதன் வயிற்றைத் தடவியது. வழவழப்பு.

“ஓம், பிள்ளை,” என்றேன். “அப்பிடித்தான் இருக்கும்.”

“இதிலை மட்டும் ஏன் பேர் வெட்டேல்லை? ஊரிலை பேர் வெட்டாமல் ஒருத்தரும் பித்தளை வைச்சிருக்க மாட்டினம் எண்டு அம்மா சொல்லுறவ.”

அவள் கேட்டது வேண்டுமென்றா, அறியாமலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் முன்னால் ஒரு வாசல் திறந்து கிடந்தது. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். எழுபது கடந்தவள், பட்டதாரி, எவருக்கும் அஞ்சாதவள் என்று பெயரெடுத்தவள்.

“அவசரத்திலை விட்டிருப்பினம்” என்றேன்.

அவள் தலையசைத்தாள். தன் பிள்ளைகள் தனக்குப் பின் இதை எறிந்துவிடுவார்கள் என்றாள். மண்டபத்தில் நாம் அமைக்கவிருந்த அலுமாரியில் வைக்கலாமா என்று கேட்டாள். “அப்பான்ரை பேரையும் ஒரு பக்கத்திலை எழுதி விடுங்கோ அன்ரி, காணும்” என்றாள்.

செயற்குழுவில் செயலாளர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல சாமான். ஆர் தந்தது? ஊரிலை எவடம்?” ஊரைச் சொன்னேன். “அதிலை எந்தப் பக்கம்?” அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த வாத்தியாரின்ரை பேர் போடத்தான் வேணுமோ, ரீச்சர்? வாசிக்கிற சனம் நோண்டும். அந்தப் பிள்ளைக்கும் சங்கடம். உங்கடை அப்பாவின்ரை பேரோடை விடுவம்.”

குழுவில் ஏழு பேர் இருந்தோம். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

அலுமாரியைத் திறந்துவைத்த நாளில் அவள் வந்திருந்தாள். வேலை உடுப்போடு, ஓட்டமாக. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஐந்து வரிகளையும் படித்தாள். மீண்டும் முதலிலிருந்து படித்தாள். பிறகு திரும்பினாள்.

“வடிவான கையெழுத்து, அன்ரி. அப்பான்ரை பேர்?”

“அட்டையிலை இடம் காணாமல் போட்டுது, பிள்ளை.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறேன், கதவோரத்தில் நின்றபோது. “சரி அன்ரி, போட்டு வாறன்” என்றாள். சிற்றுண்டி மேசையைக் கடந்து போனாள். யாரோ நீட்டிய தேநீரை வேண்டாமென்று தலையசைத்தாள். அதன் பிறகு என் அழைப்புகளை அவள் எடுப்பதில்லை.

அவள் தந்தையின் பெயரை நான் இங்கும் எழுதவில்லை. எழுதினால், அவள் யாரென்று நீங்கள் கண்டுகொள்வீர்கள். கண்டுகொண்டபின் அவளிடம் என்ன கேட்பீர்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். இப்படி நினைப்பது அவளுக்காகவா, எனக்காகவா என்று இந்த வயதில் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

புதிய அட்டை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் அவர் பெயர் முதலில் இருக்கிறது; என் தந்தையார் பெயர் பின்னால். ஆறு வரிகள், இடம் தாராளமாகக் கண்டது. அதிலும் உளியைப் பற்றி ஒன்றுமில்லை; ஒரு பதினொரு வயதுப் பிள்ளை பந்தியில் சொன்ன விடையும் இல்லை. அதை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூட்டங்களுக்கு வருகிறேன். ஓரங்கள் மடங்கத் தொடங்கிவிட்டன. அலுமாரிப் பூட்டின் திறப்பு செயலாளரிடம் இருக்கிறது. முதற்கூட்டத்தில் கேட்டேன், திறப்பை மறந்து வந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாம் கூட்டத்தில், “அடுத்த முறை பாப்பம் ரீச்சர், என்ன அவசரம்?” என்றார். மூன்றாம் கூட்டத்தில் நான் கேட்கவில்லை.

கூட்டம் தொடங்குமுன் நாம் எல்லோரும் நம் நம் கதிரைகளில் அமர்கிறோம். அலுமாரிக் கண்ணாடியில் நம் முகங்கள் தெரிகின்றன. பின்னால் அந்தப் பேணி துலக்கிய பித்தளையாக மின்னுகிறது. எவரோ சிரத்தையோடு துலக்குகிறார்கள். அதை இனி எவரும் குடிக்க எடுக்கப்போவதில்லை. அதன் பக்கத்தில் என் தந்தையாரின் பெயர் இருக்கிறது.

தச்சன் அந்தக் கதிரையை இன்னும் முடிக்கவில்லை.